அக்கா மறித்த ரயில்

வயல்பாதையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் உழுதுபோட்ட நிலம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், புதிதாகக் கட்டிய மேடையில் அக்கா தனியாக நிற்பது தெரிந்திருக்கும். ஆறு ஐம்பத்திரண்டு ரயில் அவளை ஏற்றாமல் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் கிடந்தது. அவள் அழுகிறாளா, புத்தகத்தைத் திறந்துவிட்டாளா என்று அறிய ஆசையாக இருந்தது. அறியாமல் இருப்பது நல்லது போலவும் இருந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது. அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், ரயில் புறப்படுகிற கடைசி ஊருக்கு நடந்துகொண்டிருந்தேன். ஐந்து கிலோமீற்றர் இருக்கும். அங்கே அந்தச் சாரதியைப் பிடித்து, "இந்தப் பிள்ளை நின்றும் நான் ரயிலை நிறுத்தவில்லை" என்று ஒரு துண்டு எழுதி வாங்க வேண்டும். அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்ப்பார்கள். அதுதான் திட்டம். அக்காவைக் காப்பாற்றுவது அதில் இரண்டாவது விடயம்.

தொண்ணூறுகளின் முற்பாதி அது. கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில் எங்களைக் குடியேற்றியிருந்தார்கள். ஊரில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நாங்கள் போன புதிதில் அந்தப் பாதையில் ஒரு பழைய டீசல் வண்டி நாளுக்கு நாலு தரம் இருமிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் அது நிற்பதே இல்லை. பிறகு ஒருநாள் மஞ்சள் இயந்திரங்கள் வந்தன. பழைய கட்டைகளைப் பிடுங்கி எறிந்தார்கள், புதுச் சல்லி கொட்டினார்கள், கம்பங்கள் நட்டு மின்கம்பி இழுத்தார்கள். நகரத்துக்குள் ஓடுகிற டிராமே நேராக ஊர்களுக்கும் வரும்படி இரண்டு பாதைகளையும் இணைக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

அந்த வேலை முழுவதையும் நான் பார்த்தேன். ஒன்றரை வருடம், பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றாமல் வேலியில் ஏறி இருப்பேன். எந்த இயந்திரம் என்ன செய்யும், எந்த மனிதன் எந்த இயந்திரத்தில் இருப்பான் என்பதெல்லாம் தெரியும். ஒரு துருக்கி மாமா எனக்குத் தினமும் ஒரு பிஸ்கட் தருவார். அக்கா ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. "புழுதி" என்று யன்னலைச் சாத்திவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். அதனால் அந்தப் பாதை என்னுடையது என்று ஓர் எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது.

பாதை திறந்ததும் அதில் தினமும் ஏறிப் போனவள் அக்கா. நகரத்தில் இருந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்று அவளை அரை வருடப் பரீட்சார்த்தமாக எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகம் வரை போகிற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். முன்பென்றால் அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், போகவே ஏலாது. புது ரயில் இருபத்தாறு நிமிடத்தில் கொண்டுபோய்விடும். நானோ ஊர் எல்லையில் இருந்த சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய பஸ்ஸில் போனேன். அதன் இருக்கைகள் கிழிந்து, உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்க்கும்.

அவளுக்குப் புதிதாகச் சிவப்புப் புத்தகப்பை வாங்கினார்கள். அவளுடைய பழைய பை எனக்கு வந்தது. அதில் அவளுடைய பெயர் மையால் எழுதியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

எங்கள் ஊர் நிறுத்தம் கடைசி நேரத்தில் மனமில்லாமல் சேர்த்த நிறுத்தம். ஆள் நின்றால் மட்டும்தான் ரயில் நிற்கும். ஒற்றைத் தண்டவாளம், ஒற்றை மேடை. நகரத்துக்குப் போகிற ரயிலும் நகரத்திலிருந்து வருகிற ரயிலும் அதே இடத்தில்தான் வரும். அதனால் எதிர்ப்பக்கத்து ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் "நான் உனக்கில்லை, நீ போ" என்று சாரதிக்குக் கையால் காட்டிவிடுவார்கள். அவரும் நிறுத்தாமல் போய்விடுவார்.

அக்கா ரயிலை மறித்தாள். எங்கள் சொந்த ஊரில் பஸ்ஸை எப்படி மறிப்போமோ அப்படியே மறித்தாள். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, விரல்களை மேலும் கீழும் ஆட்டுவது. யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்து நிற்காத மினிபஸ் இல்லை. ஆளைக் கூப்பிடுவதும் அப்படித்தான். ஆனால் ஜெர்மன்காரனுக்கு அது கோழியைக் கலைக்கிற கை.

இது எனக்குத் தெரியும். தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மாதம், எதையோ கேட்க ஆசிரியையின் மேசைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை ஆட்டினார். கிட்ட வரச் சொல்கிறார் என்று இன்னும் கிட்டப் போனேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வகுப்பு முழுவதும் கதிரையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு வருடமாக, என்னைக் காணும்போதெல்லாம் பெடியன்கள் அப்படிக் கையை ஆட்டிவிட்டு ஓடுவார்கள். அந்த அறிவுக்கு நான் கொடுத்த விலை அது. அக்கா முதல் வரிசையில் இருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற பிள்ளை. அவளை ஒருவரும் போய் உட்காரச் சொல்லிக் கலைத்ததில்லை. நான் இவ்வளவு பட்டு அறிந்ததை அவளுக்கு ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என் பஸ் ரயில் மேடைக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஏழு மணிக்குப் புறப்படும். ஆகவே தினமும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ரயில் தூரத்தில் வேகம் குறைக்கும். அக்கா கையை நீட்டி ஆட்டுவாள். பெரிய வெள்ளை மீசை வைத்த சாரதி தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு மறுபடி வேகமெடுப்பார். அக்காவின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் வேளைக்கு எழும்பினேன்.

சில வாரங்களில் மருத்துவமனைத் தாதி ஒருவரும் அதே ரயிலுக்கு நிற்பார். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஜெர்மன்காரி. அவர் கையை ஆட்டாமல் சும்மா நிற்பார், ரயில் நிற்கும், அக்காவும் ஏறிக்கொள்வாள். தாதிக்கு வேறு நேர வேலை வந்தால் ரயில் நிற்காது. இதைப் பார்த்து அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் அதைச் சொன்னபோது அவளுடைய குரல் மிகவும் அமைதியாக இருந்தது.

"வெள்ளைக்காரி நிண்டால் நிப்பாட்டுறான். நான் தனிய நிண்டால் நிப்பாட்டுறானில்லை."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அந்த நாட்களில் வேறு ஊர்களில் எங்களைப் போன்றவர்கள் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்ததைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் இரண்டு வாளி தண்ணீர் நிரப்பி வைப்பாள். அன்று மூன்றாவது வாளியும் வந்தது.

"போய்க் கேட்டால் என்ன?" என்றாள் அம்மா.

"என்னெண்டு கேக்கிறது? வந்தாக்கள் நாங்கள். எங்கடை அன்ராகுக்கு இன்னும் பதில் வரேல்லை," என்றார் அப்பா. அன்ராக் என்பது எங்கள் அகதி விண்ணப்பம். எங்கள் வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடி பயந்தது அதற்குத்தான். "பிள்ளை, நீ நல்லா விளங்கக் கை காட்டு. சில நேரம் அவனுக்குத் தெரியேல்லையாக்கும்."

அக்கா நல்லா விளங்கக் கை காட்டினாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிவிட்டுப் போய்க் காட்டினாள். எவ்வளவு நன்றாகக் காட்டினாளோ ரயில் அவ்வளவு சீக்கிரம் போனது. கொட்டகைக்குப் பின்னால் நான் சிரித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு மேடை தெரியாத பக்கத்து யன்னலோரம் இருந்துகொள்வேன்.

பதினோராவது தடவை பிந்திப் போன பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அக்காவே அதை வாசித்து மொழிபெயர்த்தாள். பரீட்சார்த்த காலத்தில் பதினொரு நாள் முதல் பாடத்துக்கு வரவில்லை. ரயில் நிற்கவில்லை என்ற காரணத்துக்கு ஆதாரம் இல்லை. திங்கட்கிழமை ரெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு, பெற்றோரும் வர வேண்டும். அவள் அங்கே தொடர்வதா, பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதா என்று அன்று பேசப்படும். பழைய பள்ளிக்கூடம் என்றால் என்னுடைய பள்ளிக்கூடம்.

அப்பா கதிரையை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவளுடைய தலையில் கை வைத்தார். அம்மா அவளுடைய மற்றப் பக்கத்தில் இருந்தாள். நான் எதிரே இருந்தேன். அந்தக் கிழமைதான் எனக்குக் கணக்கில் மிகக் கேவலமான புள்ளி வந்திருந்தது. அதில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். நீட்டினேன். என்னவென்று பார்க்காமலே போட்டுத் தந்தார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

அப்போது என் புத்தியில் ஒன்று உதித்தது. கைக் கதையைச் சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சொல்லாமல் ஆதாரத்தை மட்டும் கொண்டுவந்தால் நான்தான் ராசா.

மறுநாள் காலை அக்கா அம்மாவின் மஞ்சள் சால்வையையும் போட்டுக்கொண்டு போனாள், தூரத்திலேயே தெரியட்டும் என்று. ரயிலைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டி, சால்வை பறக்கப் பறக்க ஆட்டினாள். சாரதி மணியை ஒருதரம் அடித்துவிட்டுப் பறந்தார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கத் தொடங்கினேன்.

கடைசி ஊரில் நிலையம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆள் இருக்க இரண்டு வாங்கு, ஒரு மணிக்கூடு. ஒன்பதரைக்கு மீசைக்காரரின் ரயில் நகரம் போய்த் திரும்பி வந்தது. அவர் இறங்கி, குடுவையிலிருந்து கோப்பி ஊற்றினார். நான் பக்கத்தில் போய், வழி முழுக்கப் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். என் அக்கா தினமும் நிற்கிறாள், நீங்கள் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தாருங்கள்.

"எந்த அக்கா?"

"சிவப்புப் பை."

அவருடைய மீசை மேலே போனது. "அட, என்னைத் துரத்துகிற பிள்ளையா?" கோப்பிக் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டு, கையை நீட்டி, அச்சாக அக்காவைப் போலவே ஆட்டிக் காட்டினார். "முதலில் எதிர்ப்பக்க ரயிலுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, பள்ளிக்கூடம் போக மனமில்லை போலிருக்கிறது, நானும் அந்த வயதில் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு இரண்டு கையாலும் துரத்தினாள். சரி தாயே, போகிறேன் என்று மணியடித்துவிட்டு வந்தேன்."

நான் ஒன்றும் விளங்காதவன் போல நின்றேன். அது எனக்குச் சுலபம், பள்ளிக்கூடத்தில் அதுதான் என் தினசரி வேலை.

"அவளிடம் சொல்லு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாலே போதும். நான் நிறுத்துவேன்."

பிறகு ஏதோ படிவத்தின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, கையெழுத்து வைத்து, திகதியும் போட்டுத் தந்தார். திரும்புகிற ரயிலில் என்னைத் தனக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருத்தி, எங்கள் மேடையில் இறக்கியும் விட்டார். அந்தப் பாதையில் அதுதான் என் முதல் பயணம். துண்டை வாசித்துப் பார்த்தேன். நிறுத்தவில்லை என்று இருந்தது. கை காட்டியதைப் பற்றியும் ஒரு சொல் இருந்தது. அதன் முன்னால் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மன் சொற்களுக்கு முன்னால் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டியிருக்கும். நான் அவற்றை வாசிப்பதில்லை.

பின்னேரம் எல்லாரும் வந்த பிறகு துண்டை மேசையில் வைத்தேன். நினைத்தபடியே நடந்தது. அப்பா இரண்டு தரம் "நீ தனியப் போனனியோ?" என்று கேட்டார். "நடந்தோ?" என்று அம்மா கேட்டாள். எனக்கு மட்டும் முட்டை பொரித்தாள். நாளையிலிருந்து ரயில் நிற்கும், அவரோடு நான் கதைத்துவிட்டேன், அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும் என்று முட்டையைத் தின்றுகொண்டே சொன்னேன். நான் மையத்தில் இருந்த அந்த நேரம் ஒரு முட்டை தின்று முடிக்கும் நேரம்தான்.

அக்கா துண்டை எடுத்து வாசித்தாள். அந்த இரண்டு எழுத்து ஒட்டிய சொல்லில் நின்றாள். எழும்பிப் போய் அகராதியைக் கொண்டுவந்து பக்கம் புரட்டினாள். பிறகு தன் கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, விரல்களை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "நான்தான் அவனைப் போ போ எண்டு கலைச்சிருக்கிறன்."

அவள் விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள், பிறகு துடைப்பதை நிறுத்தவில்லை. அவர்கள் எங்களை வெறுக்கவில்லை என்பதுதான் அந்தச் சிரிப்பு என்று எனக்கு அன்று தெரியவில்லை.

அப்பா தன் கையை நீட்டி ஆட்டிப் பார்த்தார். "அப்ப வேலையிலை நான் சமையல்காரனைக் கூப்பிடுறது?"

"அதுதான் அவன் ஒருநாளும் வாறேல்லை," என்றாள் அம்மா.

"சனியன், நாலு வருசமாக் கலைச்சிருக்கிறன்."

அந்தச் சிரிப்புக்குள் அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு இது தெரியுமோ?"

"தெரியாது."

"உங்கடை வகுப்பிலை ஒருத்தரும் இப்பிடிக் கை காட்டிறேல்லையோ?"

"இல்லை."

"சரி," என்று சொல்லிவிட்டுத் துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை ரெர்மினில் நடந்ததை அப்பா வந்து நடித்தே காட்டினார். அக்கா கையை ஆட்டிக் காட்டியதும் அவளுடைய ஆசிரியை விளங்காமல் பார்த்தாராம், பிறகு மேசையில் கவிழ்ந்து சிரித்தாராம், சிரித்து முடிந்ததும் மன்னிப்புக் கேட்டாராம். பிந்திய நாட்கள் எல்லாம் கணக்கிலிருந்து வெட்டப்பட்டன. அக்கா தொடர்வாள். அதோடு முடிந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். அந்த ஆசிரியைக்குத் தெரிந்த ஒரு பெண் எங்கள் ஊர்ப் பத்திரிகையை நடத்தினார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கு இலவசமாக வரும் பத்திரிகை. புது நிறுத்தத்தைப் பற்றி எழுத ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு எங்கள் அக்கா கிடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கமராவோடு மேடைக்கு வந்தார். மீசைக்காரர் ரயிலை நிறுத்தி யன்னலால் தலையை நீட்டினார். மேடையில் அக்கா, மஞ்சள் சால்வையோடு, கையை நீட்டி. தாதிகூட ஓரத்தில் நின்று சிரித்தார். ரயிலுக்குள் இருந்த சனம் கை தட்டியது. நான் கமராவுக்குப் பின்னால், அந்தப் பெண்ணின் தோள்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஒளித்துவைத்த ஒன்று வெளியே வந்தது, வந்த உடனே அவளுக்கு மாலை போட்டது. வேலியில் ஒன்றரை வருடம் இருந்தவன் ஒரு படத்திலும் இல்லை.

ரயில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனதும் அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு, "நீ யார்?" என்று கேட்டார்.

"தம்பி."

"என்ன வயது?"

"பதின்மூன்று."

"காலையில் எழும்புவாயா? இந்தத் தெருக்களுக்குப் பத்திரிகை போடுகிற பையன் காலை முறித்துக்கொண்டு கிடக்கிறான். நாளைக்கே ஆள் வேண்டும்."

ஓம் என்றேன். அந்தக் கிழமை முழுவதும் ஒருவர் என்னை வேண்டும் என்று கேட்டது அந்த ஒருதரம்தான். அன்று தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டேன். ஹம் நகரத்தில் இறைச்சி வெட்டினேன், வேறு ஊர்களில் பெட்டி அடுக்கினேன், கூரை கழுவினேன், ஓர் இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. அக்கா ஆஹென் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பொறியியலாளர் ஆனாள். ஒருமுறை வேலையும் அறையும் இல்லாமல் அவளிடம் போய் ஒரு மாதம் இருந்தேன். அப்போது என் வதிவிடப் பத்திரம் ஒன்றைத் தேடி அவளுடைய கோப்புகளைக் கிளறியபோதுதான், மஞ்சளாகிப்போன அந்தப் பத்திரிகைத் துண்டை முதன்முதலாக முழுவதும் வாசித்தேன். படத்துக்குக் கீழே மூன்றாவது வரியில் அக்கா சொல்லியிருந்தாள்: "என் தம்பிக்கு இது முதலே தெரியும். அவன்தான் எல்லாருக்கும் சொன்னான்." அவள் குளியலறையிலிருந்து வருகிற சத்தம் கேட்டு, கோப்பை மூடி வைத்துவிட்டேன். நாங்கள் அதைப் பற்றி இன்றுவரை கதைத்ததில்லை.

படம் எடுத்த மறுநாள், புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்திரிகைக் கட்டு வாசலில் கிடந்தது. கயிற்றை அறுத்தேன். முதல் பக்கத்தில் அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றையும் அவளுடைய முகம் உள்ளே போகும்படி மடித்தேன். கீழே இரண்டு பத்தி இருந்தது. ஜெர்மன், சின்ன எழுத்து, எல்லாம் அவளைப் பற்றித்தானே என்று நான் வாசிக்கவில்லை. நூற்று நாற்பது வீடு. முதல் தபால்பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே தள்ளினேன்.